கட்டைவிரல் அளவு சோப்பு

பிப்ரவரி 3

மரியாதைக்குரிய சம்பந்தியம்மாவுக்கு,

நான் வந்து சேர்ந்து ஆறு நாளாகிறது. விமானத்தில் அடைத்த காது இன்னும் திறக்கவில்லை. மற்றபடி உடம்புக்கு ஒன்றுமில்லை. உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? சாப்பிட்ட பிறகுதானே மாத்திரை போடுகிறீர்கள்?

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். இந்த வீட்டுச் சுவரெல்லாம் அட்டை. மாப்பிள்ளை உள்ளறையில் கொட்டாவி விட்டால் கூடத்தில் எனக்கு வாய் திறக்கிறது. போனையும் நடுவில் வைத்து எல்லாருக்கும் கேட்கிற மாதிரிதான் பேசுகிறார்கள். நாம் இரண்டு பேரும் மனம் விட்டுப் பேசத் தாள்தான் வசதி.

மகளுக்கு முழங்கால்வரை மாவுக்கட்டு. குளியலறையில் வழுக்கி விழுந்ததில் கணுக்கால் எலும்பு போய்விட்டது. இரண்டு மாதம் காலை ஊன்றக் கூடாதாம். அவள் வேலை பார்க்கும் பல் டாக்டர் கிளினிக்கில், வராத நாளுக்குச் சம்பளமும் கிடையாதாம்.

வந்த அன்றே நான் குழிக்கப் போனேன். பிரயாண அலுப்பு. நுரை பொங்கத் தேய்த்துவிட்டு வெளியே வந்தால், உங்கள் பிள்ளை கதவருகே நிற்கிறார்.

"அத்தை, சோப்பு எவ்வளவு மிச்சம் இருக்கு?"

"பாதி இருக்கு மாப்பிள்ளை."

அவர் முகம் போன போக்கைப் பார்த்து, யாரோ போய்ச் சேர்ந்துவிட்டார்கள் என்றே நினைத்துவிட்டேன். அப்புறம் மகள் விலையைச் சொன்னாள். இங்கே ஒரு பாட்டில் ஷாம்பு விற்கிற விலைக்கு நான் ஊரில் லைனிங் வைத்து இரண்டு ரவிக்கை தைத்துக் கொடுப்பேன். குளியலறைச் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது: பற்பசை, பட்டாணி அளவு. ஷாம்பு, வாரம் ஒருமுறை, ஒரே அழுத்து. அதன் கீழே மகள் கையெழுத்தில், 'அம்மாவுக்கும் சேர்த்து.'

இருபது சோப்பும் ஆறு பற்பசையும் கொண்டுவரச் சொல்லியிருந்தாள். பெட்டியில் வைத்துத்தான் இருந்தேன். கடைசி நேரத்தில் நீங்கள் பிள்ளைக்கென்று நாலு கிலோ பலகாரம் கொடுத்தீர்கள். விமான நிலையத்தில், எடை கூடிவிட்டது, ஏதாவது ஒன்றை எடுங்கள் என்றார்கள். சம்பந்தி கொடுத்ததை எடுக்க எனக்குத் தைரியம் வருமா? சோப்பை எடுத்துவிட்டேன். பலகாரம் இரண்டே நாளில் தீர்ந்துபோனது.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் சம்பந்தி


பிப்ரவரி 20

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு,

கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி, படி ஏறும்போது மட்டும் உள்ளது. மருமகளின் கால் விரைவில் குணமாக வேண்டும் என்பதே என் விருப்பம்.

முதலில் ஒரு சிறு திருத்தம். 'குளிக்கப் போனேன்' என்று எழுதவும். 'குழிக்க' என்றால் பள்ளம் தோண்டப் போனதாகப் பொருள்படும். முப்பத்துநான்கு ஆண்டுகள் தமிழ் கற்பித்த கண் இது. தவறாக எண்ண வேண்டாம்.

தாங்கள் எழுதியிருப்பதை இரண்டு முறை படித்தேன். என் பிள்ளை முதுநிலைப் பொறியாளர். அவன் கம்பெனியில் ஐந்நூறு பேர் வேலை செய்கிறார்கள். அவன் சோப்பை அளக்கிறான் என்றால், வீட்டில் வேறு யாரோ செலவாளி இருக்க வேண்டும். நான் யாரையும் குறிப்பிடவில்லை. மருமகளின் கூந்தல் நீளம் என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

திருமணத்தன்று மண்டபத்தில் மாப்பிள்ளை வீட்டார் அறைகளில் சோப்பே வைக்கவில்லை என்பதை நான் மறந்துவிட்டேன். பன்னிரண்டு பேர் ஒரே சோப்பில் குளித்தோம். அதையும் மறந்துவிட்டேன். ஆகவே, சோப்பைப் பற்றித் தாங்கள் எனக்கு எழுதுவது வியப்பாக உள்ளது.

பலகாரம் தீர்ந்ததில் மகிழ்ச்சி.

இங்ஙனம்,
தங்கள் சம்பந்தி


மார்ச் 6

சம்பந்தியம்மாவுக்கு வணக்கம்.

உங்கள் திருத்தம் கிடைத்தது. இன்று காலையும் குளித்தேன். பள்ளம் ஒன்றும் விழவில்லை.

மண்டபத்தில் சோப்பு வைத்திருந்தோம் சம்பந்தியம்மா. ஓர் அறைக்கு இரண்டு. உங்கள் பெரிய நாத்தனார் அத்தனையையும் பைக்குள் போட்டதை நானே பார்த்தேன். கல்யாண வீட்டில் ரகளை வேண்டாம் என்று நான்கு வருஷமாக வாயைத் திறக்கவில்லை. போகட்டும்.

இப்போது சோப்புப் பஞ்சம் கொஞ்சம் தீர்ந்திருக்கிறது. மாப்பிள்ளை வாரக் கடைசியில் ஒரு பை நிறையச் சின்னச் சின்ன சோப்பு கொண்டுவருகிறார். ஒவ்வொன்றும் என் கட்டைவிரல் அளவு, வெள்ளைத் தாளில் சுற்றியது. கூடவே விரல் நீளத்தில் ஷாம்பு பாட்டில், தலைக்குப் போடும் பிளாஸ்டிக் தொப்பி, காது குடையும் பஞ்சுக்குச்சி.

"இதெல்லாம் ஏது மாப்பிள்ளை?"

"ஆபீஸ்ல குடுக்கறாங்க அத்தை."

மகள் சட்டென்று டிவி சத்தத்தைக் கூட்டினாள். நானும் நல்ல ஆபீஸ் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த சோப்பால் குளிப்பது ஒரு தனி வித்தை. நுரை வரும்போது சோப்பு இருக்காது, சோப்பு இருக்கும்போது நுரை வராது. நேற்று கைக்குள் தேடோ தேடென்று தேடிவிட்டுக் கடைசியில் காதோரம் ஒட்டியிருந்ததைக் கண்டுபிடித்தேன்.

உங்கள் பிள்ளையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். விடியுமுன் ஐந்து மணிக்கே கிளம்பிவிடுகிறார். மூன்று மணிக்கு வந்து, மனைவியின் படுக்கை விரிப்பை மாற்றுகிறார். அதைப் பார்க்க வேண்டுமே! ஒரே உதறல். நாலு மூலையும் உறை போட்ட மாதிரி மடிப்பு. ஒரு சுருக்கம் கிடையாது. இருபத்தெட்டு வருஷம் துணியோடு புழங்கிய எனக்கே அந்த மடிப்பு வரவில்லை. "எங்கே கத்துக்கிட்டீங்க?" என்றேன். "டிரெயினிங்ல, அத்தை" என்றார். இன்ஜினியருக்கு எதெல்லாம் சொல்லிக் கொடுக்கிறார்கள் பாருங்கள்.

கைதான் ப்ளீச்சிங் பவுடர் பட்ட மாதிரி வெடித்திருக்கிறது. தேங்காய் எண்ணெய் தடவிவிடச் சொன்னேன்.

உங்கள் சம்பந்தி


மார்ச் 19

அன்புள்ள சம்பந்தியம்மா,

நலமாக இருக்கிறேன். தங்கள் காது திறந்துவிட்டதா?

என் பெரிய நாத்தனாரைப் பற்றித் தாங்கள் எழுதியதை நான் நம்பவில்லை. ஆனால் வியப்பும் அடையவில்லை.

ஊழியர்களுக்குச் சோப்பு முதல் காதுக்குச்சி வரை கொடுக்கும் கம்பெனி! படித்தபோது நெஞ்சு நிறைந்தது. எதிர்வீட்டு அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். அவர் மகனும் அந்தப் பக்கம் ஏதோ ஒரு நாட்டில்தான் இன்ஜினியராக இருக்கிறான். அவனுக்கு ஒரு பேனாகூடக் கொடுப்பதில்லையாம். முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டார். ஓய்வுபெற்ற ஆசிரியர் சங்கக் கூட்டத்திலும் சொன்னேன். செயலாளர் மேசையைத் தட்டிப் பாராட்டினார்.

ஒரு வேண்டுகோள். கம்பெனியின் பெயர் அச்சிட்ட உறையோடு நான்கைந்து சோப்புகளை அனுப்பி வைக்கவும். நான் குளிப்பதற்கல்ல. அலமாரிக் கண்ணாடிக்குள் வைக்க.

கை வெடிப்பது ஏசியினால் இருக்கும். அதிகாரிகளின் அறையில் குளிர் அதிகம்.

அன்புடன்,
தங்கள் சம்பந்தி


ஏப்ரல் 11

சம்பந்தியம்மாவுக்கு,

உடனே பதில் போட முடியவில்லை. மகளுக்கு மாவுக்கட்டு பிரித்தார்கள். ஒரு காலும் இன்னொரு காலும் வேறு வேறு ஆளுடையது மாதிரி இருக்கிறது. இப்போது சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள்.

சோப்பு அனுப்ப முடியாது. தபாலில் எடை அதிகம். உறையில் எந்தப் பெயரும் கிடையாது. இருந்தாலும் அழிந்துபோயிருக்கிறது.

போன வாரம், ஒரு கடையில் சோப்பு மலிவு என்று பக்கத்து வீட்டுப் பெண் சொன்னாள். பஸ் பிடித்துப் போனேன். பாதி வழியில் வயிற்றைக் கலக்கியது. இறங்கியதும் எதிரே ஒரு பெரிய தங்கும் ஹோட்டல். வேறு வழியில்லாமல் உள்ளே நுழைந்தேன். வாசலில் நின்றவர் மரியாதையாக மாடிக்கு வழி காட்டினார். கழிவறை சுத்தமாக இருந்தது. அவ்வளவுதான். வேறொன்றும் பார்க்கவில்லை. அப்படியே திரும்பி வீட்டுக்கு வந்துவிட்டேன். சோப்பு வாங்கவில்லை.

உங்கள் பிள்ளை தங்கமானவர் சம்பந்தியம்மா. ரொம்பப் பொறுமைசாலி. கடுமையாக உழைக்கிறார். என் மகளை உள்ளங்கையில் வைத்துத் தாங்குகிறார். யார் என்ன சொன்னாலும் முகம் கோணாத மனுஷன். இப்படி ஒரு பிள்ளையைப் பெற்றதற்கு நீங்கள் கொடுத்து வைத்தவர். நானும்தான்.

இனிமேல் பற்பசையைப் பட்டாணி அளவு இல்லை, கடுகு அளவே எடுத்துக்கொள்வதாக முடிவு செய்திருக்கிறேன்.

உங்கள் சம்பந்தி


ஏப்ரல் 24

சம்பந்தியம்மா,

தங்கள் கடிதம் என்னைக் கலவரப்படுத்திவிட்டது.

நான்கு ஆண்டுகளில் தாங்கள் என் பிள்ளையைப் பாராட்டியதே இல்லை. திருமண ஆல்பத்தைப் பார்த்து, "மூக்கு கொஞ்சம் தூக்கல்" என்றீர்கள். இப்போது ஒரே பத்தியில் தங்கம், பொறுமை, உழைப்பு! மறைந்தவர்களைப் பற்றித்தான் இப்படி எழுதுவார்கள். அவனுக்கு உடம்புக்கு ஏதாவதா? ஆஸ்பத்திரியில் இருக்கிறானா? ஞாயிற்றுக்கிழமை போனில் இருமினான்.

வேறு ஒன்றும் பார்க்கவில்லை என்று ஏன் எழுதினீர்கள்? நான் கேட்கவே இல்லையே. வகுப்பில் கடைசி பெஞ்சு மாணவன்தான், கேட்பதற்கு முன்பே, "நான் எடுக்கலை டீச்சர்" என்பான்.

பதில் உடனே வேண்டும்.

தங்கள் சம்பந்தி


மே 9

சம்பந்தியம்மாவுக்கு,

மாப்பிள்ளை சௌக்கியம். இருமலுக்குக் கஷாயம் கொடுத்தேன், போய்விட்டது. மகள் சௌக்கியம். நான் சௌக்கியம். இங்கே வெயில் வந்துவிட்டது. ஷாம்பு விலை இன்னும் ஏறியிருக்கிறது.

கண்ணில் நீர் வடிகிறது, அதிகம் எழுத முடியவில்லை.

உங்கள் சம்பந்தி


மே 20

அன்புள்ள சம்பந்தியம்மா,

கண்ணுக்குச் சொட்டு மருந்து போடவும். மாப்பிள்ளை சௌக்கியம் என்று படித்தபிறகே சாப்பாடு இறங்கியது.

மகிழ்ச்சியான செய்தி ஒன்று. என் தம்பி அடுத்த மாதத் தொடக்கத்தில் அங்கே வருகிறான். அவனுக்கு ஆபீஸில் ஐந்து நாள் பயிற்சி. தங்குவதற்கு ஹோட்டலில் அறை போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். ஒருநாள் வீட்டுக்கு வந்து உங்கள் எல்லாரையும் பார்ப்பான்.

அது மட்டுமல்ல. மருமகனை அழைத்துக்கொண்டு கம்பெனிக்குப் போய், பெயர்ப் பலகைக்கு முன்னால் நிறுத்தி ஒரு புகைப்படம் எடுத்து வரச் சொல்லியிருக்கிறேன். ஆசிரியர் சங்க ஆண்டு மலரில் 'சாதனைப் பிள்ளைகள்' என்று ஒரு பக்கம் ஒதுக்குகிறார்கள். செயலாளரிடம் வாக்குக் கொடுத்துவிட்டேன். பிள்ளையிடம் நல்ல சட்டை போட்டுக்கொள்ளச் சொல்லவும்.

அன்புடன்,
தங்கள் சம்பந்தி


ஜூன் 14

சம்பந்தியம்மாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்த மறுநாளே உங்கள் தம்பியும் வந்து இறங்கிவிட்டார். எங்களுக்கு மூச்சு விடவும் நேரமில்லை.

நாலாம் நாள் சாயங்காலம் வீட்டுக்கு வந்தார். மாப்பிள்ளையும் அவரும் ஒன்றாகவே வந்தார்கள். ஆனால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. உங்கள் தம்பி சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் படித்தார். மாப்பிள்ளை தரையைப் படித்தார். வாய் ஓயாமல் பேசுகிறவர் என்று நீங்கள் சொல்வீர்களே, அன்றைக்கு மொத்தம் பத்து வார்த்தை பேசியிருப்பார்.

சாப்பிட உட்காரும்போது என் மகள் சாதாரணமாகத்தான் கேட்டாள்: "மாமா, கை கழுவ சோப்பு தரட்டுமா?"

அவருக்குப் புரையேறிவிட்டது. "வேண்டாம்மா! சோப்பே வேண்டாம்! வெறும் தண்ணி போதும்!" என்றார். மாப்பிள்ளை எழுந்து முதுகைத் தட்டினார். இரண்டு பேருக்கும் காது சிவந்திருந்தது.

என்ன நடந்தது என்று தெரிந்தாக வேண்டும். "கம்பெனியைப் பார்த்தீங்களா?" என்று கேட்டேன்.

"பார்த்தேன், பார்த்தேன். ரொம்ப சுத்தமா வெச்சிருக்காங்க."

"போட்டோ எடுத்தீங்களா?"

"வெளிச்சம் சரியில்லை."

ஜூன் மாதம், பட்டப்பகல்.

சாப்பாடு நன்றாக இருந்ததாகச் சொன்னார். ஊருக்குப் போனதும் உங்களை வந்து பார்ப்பார்.

உங்கள் சம்பந்தி


ஜூலை 2

சம்பந்தியம்மா,

என் தம்பி வந்தான். ஒரு பையை மேசைமேல் கவிழ்த்தான். முப்பத்தேழு சோப்புகள். "உன் பிள்ளையோட கம்பெனி குடுத்தது அக்கா" என்றான். சொல்லும்போது மின்விசிறியைப் பார்த்தான். ஐந்து வயதில் சர்க்கரை டப்பாவைக் காலி செய்துவிட்டும் இவன் மின்விசிறியைத்தான் பார்த்தான்.

ஓர் உறையைப் பிரித்தேன். உள்ளே ஹோட்டலின் பெயர் இருந்தது.

"நேரா என் கண்ணைப் பார்த்துச் சொல்லுடா" என்றேன். எல்லாவற்றையும் கொட்டிவிட்டான்.

வெளியே சோப்பு விற்கும் விலையைக் கேட்டு மலைத்துப்போய், அறையில் வைப்பதையெல்லாம் ஊருக்கு எடுத்துப் போகலாம் என்று திட்டமிட்டிருக்கிறான். காலையில் ஒருமுறை, சாயங்காலம் ஒருமுறை, இரவில் ஒருமுறை கீழே போன் செய்து, "சோப்பு தீர்ந்துபோச்சு" என்று கேட்டானாம். நானூற்றாறாம் அறைக்காரர் சோப்பைச் சாப்பிடுகிறாரா என்று அங்கே பேச்சு கிளம்பியிருக்கிறது. நாலாம் நாள் காலை, யார் என்றுதான் பார்ப்போமே என்று, அந்த மாடிக்குப் பொறுப்பானவரையே சோப்போடு அனுப்பியிருக்கிறார்கள்.

கதவைத் தட்டும் சத்தம். இவன் தலையில் துண்டு. கட்டிலில் திறந்த பெட்டி. அதற்குள் சோப்புகள் செங்கல் அடுக்கியது போல வரிசையாக. வாசலில், சாம்பல் நிறச் சீருடையில், தட்டில் ஆறு சோப்புகளோடு என் பிள்ளை.

"மாமா..."

"டேய்..."

பிறகு என் பிள்ளை உள்ளே வந்து சோப்பை மேசையில் வைத்துவிட்டு, கலைந்து கிடந்த படுக்கையைச் சரிசெய்தானாம். கை தானாகப் போயிருக்கிறது. நான்கு மூலையையும் மடித்த பிறகுதான் நாற்காலியில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டான். இருவரும் ஒரே நேரத்தில் வாய் திறந்தார்களாம். "அம்மாகிட்ட சொல்லிடாதீங்க" என்று அவன். "அக்காகிட்ட சொல்லிடாதே" என்று இவன்.

தம்பியைத் திட்டித் தீர்த்து அனுப்பிவிட்டேன். பிறகு உட்கார்ந்து முதலிலிருந்து தங்கள் கடிதங்களைப் படித்தேன். படுக்கை மடிப்பு. வெடித்த கை. மாடிக்கு வழி காட்டிய வாசல்காரர். சொல்லாமலே எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறீர்கள். எழுத்துப் பிழை பார்த்த கண்ணுக்கு அது தெரியவில்லை.

எனக்கு ஒரே ஒரு கேள்வி. அறை சுத்தம் செய்வதில் எனக்கு வெட்கமில்லை. எங்கள் பள்ளியில் பெருக்குகிற அம்மாவோடுதான் முப்பது ஆண்டுகள் ஒன்றாகச் சாப்பிட்டேன். என்னிடம் ஏன் சொல்லவில்லை? தெரிந்தால் எழுதவும். பூசி மெழுக வேண்டாம்.

தங்கள் சம்பந்தி


ஜூலை 15

சம்பந்தியம்மா,

பூசி மெழுகாமல் எழுதுகிறேன். கோபம் வந்தால் என்மேல் வரட்டும்.

அன்றைக்கு அந்த ஹோட்டல் மாடியில், கழிவறையை விட்டு வெளியே வந்தேன். மாப்பிள்ளை ஒரு பெரிய தள்ளுவண்டி நிறையத் துண்டு வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார். ஒரு விருந்தாளி, துண்டில் முடி இருக்கிறது என்று முகத்துக்கு நேரே வீசினார். மாப்பிள்ளை குனிந்து எடுத்தார், மன்னிப்புக் கேட்டார், புதுத் துண்டைக் கொடுத்தார். நான் தூணுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். தூண் என் பாதி அகலம்தான் இருக்கும். அவர் பார்க்காதது என் நல்ல நேரம். உங்களுக்கு எழுத உட்கார்ந்தால் பேனா ஓடவில்லை.

மகளைத் தனியாகப் பிடித்துக் கேட்டேன். அழுதுகொண்டே சொன்னாள். அந்தக் கம்பெனியை ஒன்றரை வருஷத்துக்கு முன்பே மூடிவிட்டார்களாம். நாலு மாதம் வேலை தேடி அலைந்திருக்கிறார். பிறகு இது கிடைத்தது. விருந்தாளிகள் பிரிக்காமல் விட்டுப்போகிற சோப்பை ஊழியர்கள் எழுதி வைத்துவிட்டு எடுத்துக்கொள்ளலாமாம். இவர் ஒவ்வொன்றையும் எழுதித்தான் எடுக்கிறார். உங்கள் தம்பியின் சாமர்த்தியம் இவருக்கு வரவில்லை.

உங்களிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்கிறீர்கள். சொல்லத்தான் போன் செய்திருக்கிறார். வேலை போன அதே வாரம், ஞாயிற்றுக்கிழமை. அவர் "அம்மா" என்றதும், "டேய், உனக்குப் பதவி உயர்வு வரும்னு சங்கத்துல சொல்லியிருக்கேன், தெருவுக்கே இனிப்பு குடுத்தாச்சு" என்றீர்களாம். திறந்த வாயை மூடிக்கொண்டார். அதற்கப்புறம் ஒவ்வொரு ஞாயிறும் திறக்கப் பார்த்திருக்கிறார். நீங்கள் பேச இடம் கொடுக்கவில்லை.

நான் படிக்காதவள். எனக்குத் தெரிந்த ஒரே வழியைச் சொல்கிறேன். உங்களுக்குத் தெரியும் என்று காட்டிக்கொள்ளாதீர்கள். தம்பி சொல்லித் தெரிந்தது என்றால் அவர் இன்னும் கூனிக் குறுகிப்போவார். வருகிற ஞாயிற்றுக்கிழமை ஒன்றும் பேசாதீர்கள். எதிர்வீடு, சங்கம், முழங்கால், எதுவும் வேண்டாம். சும்மா கேளுங்கள். அவரே சொல்லட்டும்.

உங்கள் சம்பந்தி


ஆகஸ்ட் 4

அன்புள்ள சம்பந்தியம்மா,

முழங்கால் வலியைப் பற்றி இந்த முறை எழுதப்போவதில்லை. தாங்கள் நலமா?

தங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் தங்கள்மேல் கோபமாக இருந்தேன். மூன்றாம் நாள் கோபம் சரியான ஆளிடம் போய்ச் சேர்ந்தது.

ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது. நான் பேசவில்லை. வாழ்நாளில் நான் எழுதிய எந்தத் தேர்வும் அவ்வளவு கடினமாக இருந்ததில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன்.

"அம்மா, லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன்பா."

"ஏன் பேசமாட்டேங்கறீங்க? உடம்பு சரியில்லையா?"

"நீ பேசு. கேக்கறேன்."

பிறகு சொன்னான். கம்பெனி மூடியது, நாலு மாதம், ஹோட்டல், துண்டு, எல்லாம். நடுவில் இரண்டு இடங்களில் நின்றான். நான் நிரப்பவில்லை. மாமாவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை, பாருங்கள்.

"ஒரு நாளைக்கு எத்தனை ரூம்பா?" என்று கேட்டேன்.

"முதல்ல பதினாறும்மா. இப்ப மாடிக்கு நான்தான் பொறுப்பு. ஆள் வரலைன்னா நானும் செய்வேன்."

"முதுகு வலிக்குமா?"

"வலிக்கும்மா."

அதற்குப் பிறகு நான் என்ன சொன்னேன் என்பதை எழுத மாட்டேன். அது எனக்கும் அவனுக்கும் உள்ளது. கடைசியில் அவன் சிரித்தான் என்பதை மட்டும் தங்களுக்குத் தெரிவிக்கிறேன்.

மறுநாள் சங்கச் செயலாளரிடம் ஆண்டு மலர்ப் பக்கம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, நேரே எதிர்வீட்டுக்குப் போனேன். முனை வீட்டு ஓய்வுபெற்ற வங்கிக்காரரும் அங்கே உட்கார்ந்திருந்தார். அவர் மகனும் வெளிநாட்டில் இன்ஜினியர் என்றுதான் தெருவில் பேச்சு. நல்லதாகப் போயிற்று என்று இருவரிடமும் சொன்னேன்: "என் பிள்ளை இன்ஜினியரா இல்லை. கம்பெனியை மூடிட்டாங்க. ஹோட்டல்ல ரூம் சுத்தம் பண்ற வேலை. இவ்வளவு நாளா நான் பெருமை அடிச்சதுக்கு மன்னிச்சுக்கங்க."

சிரிப்பார்கள் என்று எதிர்பார்த்துத்தான் போனேன். யாரும் சிரிக்கவில்லை. எதிர்வீட்டு அம்மா புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டே இருந்தார். பிறகு, "டீச்சர், என் பையனும் வேன்தான் ஓட்டறான். பார்சல் குடுக்கற வேன். ரெண்டு வருஷமாச்சு" என்று சொல்லி அழுதார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். வங்கிக்காரர் எழுந்து வாசல்வரை போனார், திரும்பி வந்தார், மறுபடி உட்கார்ந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"என் பையன் பேக்கரியில இருக்கான். மாவு பிசையறான். நல்லாப் பிசையறான்னு முதலாளி சொன்னாராம்" என்றார்.

எதிர்வீட்டு அம்மா இரண்டு முறை காப்பி போட்டார். யார் பிள்ளைக்கு எத்தனை மணிக்கு வேலை, யாருக்கு எங்கே வலி என்று விளக்கு வைக்கும்வரை பேசிக்கொண்டிருந்தோம். அன்று ஒரே நாளில் எங்கள் தெருவில் மூன்று இன்ஜினியர்கள் குறைந்துபோனார்கள்.

தங்கள் சம்பந்தி